ஆறாமீன் முதல் மூணுமீன் வரை: ராத்திரித் தண்ணீர் முறை

ஜனவரி 8, காலை 6.20

"நட்சத்திரம் பார்த்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு ஒத்துவராது. எந்த விண்மீனும் தினம் நாலு நிமிடம் முன்னதாக உதிக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் நகர்ந்துவிடுகிற ஒன்றை வைத்து இரண்டு பங்காளிகள் எப்படித் தண்ணீரைப் பிரித்துக்கொள்வார்கள்?"

நேற்று ஒரு வாசகர் கேட்டது இது.

பிரித்துக்கொண்டார்கள். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாருவுக்கும் (அப்பாவின் அப்பா) அவருடைய அண்ணனுக்கும் ஒரே கிணறு. மாடு பூட்டி இறைக்கும் கவலை ஓட்டித்தான் தண்ணீர். தை, மாசி, பங்குனியில் ராத்திரியே மாடு பூட்டிவிடுவார்கள். ஆறாமீன் சாய்ந்ததும் ஒருவர் பூட்டுவார். மூணுமீன் சாய்ந்ததும் அவர் அவிழ்க்க, அடுத்தவர் பூட்டுவார். ஆறாமீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். மூணுமீன் என்று எங்கள் வீட்டில் சொன்னது, ஓரியன் மண்டலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்றை.

நாலு நிமிடக் கணக்கு சரிதான். இன்னும் நெருக்கிச் சொன்னால் 3 நிமிடம் 56 நொடி. ஆனால் ஆறாமீன் எவ்வளவு முன்னால் வருகிறதோ, மூணுமீனும் அவ்வளவே முன்னால் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தை முதல் தேதியிலும் அதுதான், மாசிக் கடைசியிலும் அதுதான். பங்கு என்பது அந்த இடைவெளி. எத்தனை மணிக்கு மாடு பூட்டினோம் என்பதில் பங்கு இல்லை.


ஜனவரி 8, இரவு 9.10

இப்போது வெளியே போய்ப் பாருங்கள். ஆறாமீன் தலைக்கு மேலே, உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. பதினைந்து நாள் கழித்து எட்டு மணிக்கே இதே இடத்துக்கு வந்துவிடும். மூணுமீன் எத்தனை நேரம் பின்னால் வருகிறது என்று இரண்டு நாளும் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். இதற்கு என் வார்த்தை தேவையில்லை.


ஜனவரி 9, காலை 7.00

இடைவெளி எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். வானியல் அட்டவணையில் கிழக்கு மேற்கு நிலையை மணிக்கணக்கில் போட்டிருப்பார்கள். கார்த்திகைக்கு 3 மணி 47 நிமிடம். மூணுமீனில் நடு மீனுக்கு 5 மணி 36 நிமிடம். கழித்தால் 109 நிமிடம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே நாலரை நாழிகைக்குக் கொஞ்சம் கூட. இதுதான் எங்கள் கிணற்றில் ஒரு முறை.

(பின்குறிப்பு, ஜனவரி 15: இந்த 109 எங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது. கீழே படியுங்கள்.)


ஜனவரி 10

"மூன்று மீனில் எது மறைந்தால் கணக்கு? முதல் மீனுக்கும் கடைசி மீனுக்கும் வித்தியாசம் வருமே?"

நல்ல கேள்வி. ஏறக்குறைய எட்டு நிமிடம் வரும். எட்டு நிமிடம் கவலை ஓட்டினால் ஒரு பாத்தியின் மூலை நனையும். அத்தையிடம் கேட்டுத்தான் சொல்லவேண்டும். எனக்கு அப்போது ஆறு வயது, கட்டிலில் படுத்துக்கொண்டு உருளை கிறீச்சிடும் சத்தம் கேட்டதுதான் நினைவு.


ஜனவரி 11, இரவு

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டார். காரணம் ஓமான்.

ஆறு ஆண்டு நிஸ்வாவில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தேன். அங்கே ஃபலஜ் என்று ஒரு ஏற்பாடு. மலையடிவாரத்தில் இருந்தோ ஊற்றில் இருந்தோ, மேடு பள்ளம் பார்த்து வெட்டிய வாய்க்காலில், சில இடத்தில் பூமிக்குள்ளேயே, தண்ணீர் தானாக ஓடிவந்து பேரீச்சந்தோப்புக்குப் பாயும். மாடும் இல்லை, மோட்டாரும் இல்லை. ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும், அணைத்து வைக்க முடியாது. ஓடுகிற தண்ணீரைப் பங்கு போட வேண்டுமென்றால் நேரத்தைத்தான் பங்கு போடவேண்டும், வேறு வழி கிடையாது. அங்கே பங்கின் அளவுக்கு அதர் என்று பெயர், ஏறக்குறைய அரை மணி நேரம். ஒருவருக்கு இரண்டு அதர் இருக்கும், இன்னொருவருக்கு அரை அதர்தான் இருக்கும். பங்கை விற்கலாம், வாங்கலாம். வாய்க்கால் பராமரிப்புச் செலவுக்கென்று சில பங்குகளை ஏலம் விடுவதும் உண்டு.

பகலில் நிழல். திறந்த வெளியில் ஒரு கம்பம் நட்டு, நிழல் விழும் வழியில் கல்லோ கோடோ போட்டிருப்பார்கள். நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் அடுத்தவருடைய மடை திறக்கும். ராத்திரியில் மீன். இன்ன மீன் இன்ன மலை விளிம்பில் ஏறினால் இவருக்கு, அடுத்த மீன் ஏறினால் அவருக்கு. சில ஊரில் ஏறுவதைப் பார்ப்பார்கள், சில ஊரில் இறங்குவதை. அவர்கள் துரையா என்று சொல்வது நம் ஆறாமீனைத்தான்.

எங்கள் முகாமுக்குப் பக்கத்துத் தோப்பில் ஒரு பெரியவர் இருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார், முறை மாற்றுவதும் கடிகாரம் பார்த்துத்தான். ஆனால் ஒருநாள் ராத்திரி மின்கம்பி வேலை முடித்து நாங்கள் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே முதுகைச் சாய்த்து உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். எதிரே மலை. "இப்போது பார்." மலை விளிம்பில் ஒரு மீன் கண் திறப்பதுபோல வந்தது. அவர் தகப்பனார் உட்கார்ந்த இடம் அது. அந்த இடத்தில் சுவரின் பூச்சு முதுகு பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது, மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு.

நான் அங்கே இருந்தபோதுதான், 2006-இல், ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிஸ்வாவின் தாரிஸ் அதில் ஒன்று. கத்மைன், மல்கி, முயஸ்ஸர், ஜீலா மற்ற நான்கு. ஓமானில் இன்றும் சுமார் 3000 ஃபலஜ் ஓடுகின்றன. யுனெஸ்கோவின் குறிப்பிலேயே தண்ணீர்ப் பங்கீட்டுக்கு நட்சத்திரம் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே "கதை" என்று தள்ளவேண்டாம்.


ஜனவரி 12

ஃபலஜைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டவருக்கு: ஃபலஜ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் என்றால் பாதி விட்டுப்போகும். அந்தச் சொல்லில் பங்கும் சேர்ந்திருக்கிறது.


ஜனவரி 15, காலை 5.15

பொங்கல் நாளும் அதுவுமாகத் தூங்கவில்லை. தோட்டத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேற்கே கரட்டுக்குப் (சிறு குன்று) பின்னால் மறைவதைப் பார்த்தேன். ஆறாமீன் 2.32-க்கு மறைந்தது. மூணுமீனில் நடு மீன் 4.02-க்கு.

90 நிமிடம். 109 அல்ல.

கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. பத்தொன்பது நிமிடம் எங்கே போனது? குளித்துவிட்டு வந்து யோசிக்கிறேன்.


ஜனவரி 15, பகல் 11.40

சர்க்கரைப் பொங்கல் கிண்டும்போது விளங்கியது. 9-ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன்.

109 நிமிடம் என்பது உச்சியில் இருந்து உச்சிக்கு. ஆறாமீன் தலைக்கு மேலே வடக்குத் தெற்குக் கோட்டைத் தாண்டிய நேரத்துக்கும், மூணுமீன் அதே கோட்டைத் தாண்டும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. அது எந்த ஊரிலும் 109-தான். ஆனால் ஆறாமீன் வடக்கே தள்ளி இருக்கிறது. மூணுமீன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் ஏறி நேர் மேற்கில் இறங்குகிறது. நம் ஊரில் வடக்கே இருக்கிற மீன் வானத்தில் கூடுதல் நேரம் தங்கும். மூணுமீன் பன்னிரண்டு மணி நேரம் தங்கினால் ஆறாமீன் 12 மணி 40 நிமிடம். அந்த நாற்பதில் இருபது நிமிடம் முன்னதாக ஏறிவிடுகிறது, இருபது நிமிடம் தாமதமாக இறங்குகிறது. அதனால் இறங்கும்போது இடைவெளி சுருங்கி 88 ஆகிறது. கரடு கொஞ்சம் உயரமாக இருப்பதால் எனக்கு 90 வந்தது. ஏறும்போது விரிந்து 130 வரவேண்டும்.

ஒரே இரண்டு மீன். ஏறுவதைப் பார்த்துப் பங்கு வைத்தால் இரண்டு மணி பத்து நிமிடம். இறங்குவதைப் பார்த்து வைத்தால் ஒன்றரை மணி நேரம்.

முதல் நாள் கேட்ட வாசகர் நாலு நிமிடத்தைப் பிடித்துக்கொண்டார், அது ஒரு பிரச்சினையே அல்ல. உண்மையான சிக்கல் இங்கே இருக்கிறது. பங்காளிகள் "ஆறாமீன் முதல் மூணுமீன் வரை" என்று வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்டால் போதாது. ஏறுவதா இறங்குவதா, எந்த விளிம்பில் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ளவேண்டும்.


ஜனவரி 17

நிஸ்வாவுக்கும் போட்டுப் பார்த்தேன். அது நம்மைவிட வடக்கே, ஏறக்குறைய 23 பாகை (டிகிரி) அட்சரேகையில் இருக்கிறது. அங்கே இதே இரண்டு மீன் சமதரையில் ஏறும்போது 155 நிமிடம், இறங்கும்போது 63. இரண்டரை மடங்கு வித்தியாசம்! சுற்றிலும் மலை வேறு, அது ஊருக்கு ஊர் ஒரு உயரம். ஓர் ஊரின் மீன் கணக்கைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தப் பெரியவர் என்னைச் சுவரில் அந்த இடத்திலேயே உட்காரச் சொன்னது ஏன் என்று பதினைந்து ஆண்டு கழித்து இப்போதுதான் உறைக்கிறது.

புறநானூற்றில் 229-ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததைப் பற்றியது. பங்குனி மாதம், நடு ராத்திரி, ஓர் எரிமீன் விழுகிறது. அந்த நொடி எது என்று சொல்லப் புலவர் மூன்று மீனைக் காட்டுகிறார். உச்சியில் இருந்த மீன் நிலை சாய்கிறது, ஒரு மீன் எழுகிறது, ஒரு மீன் இறங்குகிறது. கல்லூரியில் படித்தபோது இது வெறும் வர்ணனை என்று தாண்டிப் போனேன். ஒன்பதாம் தேதி நான் உச்சியையும் இறக்கத்தையும் குழப்பிக்கொண்ட பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. மூன்றும் மூன்று கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.


ஜனவரி 19

மேகம் போட்டால் என்ன செய்வார்கள் என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் போட்டால் மழை வரும், கவலையே வேண்டாம். தை, மாசியில் எங்கள் பக்கம் வானம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். ஆடியில் மீன் முறையே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும், மேகம் ஓடும், மழை மட்டும் வராது. அப்போது சால் (தண்ணீர் மொண்டு வரும் பெரிய பாத்திரம்) எண்ணினார்கள். இருபது சால் இறைத்தால் ஒரு புளியங்கொட்டை. இவ்வளவு கொட்டை சேர்ந்தால் முறை மாறும். ஏற்றப்பாட்டில் எண் வைத்துப் பாடுவதும் இதற்குத்தான்.

சால் எண்ணுவதே நேர்மையான அளவு ஆயிற்றே, அப்புறம் மீன் எதற்கு என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நல்ல ஜோடி மாடு வைத்திருப்பவர் ஒரு நாழிகையில் இறைப்பதை, கிழட்டு மாடு வைத்திருப்பவர் ஒன்றரை நாழிகையில் இறைப்பார். சால் எண்ணினால் அடுத்தவர் காத்திருக்கவேண்டும், விடிந்துவிடும். மீன் வைத்தால் மெதுவாக ஓட்டியவருக்கு நஷ்டம். இரண்டில் எது நியாயம் என்று அப்பாருவும் பெரியப்பாருவும் எத்தனையோ முறை பேசியிருப்பார்கள். மேகம் இல்லாத நாளில் மீன் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரிந்தவரை ஒன்றுதான்: புளியங்கொட்டையை ஒருவர்தான் எண்ணுவார், மீனை இரண்டு பேரும் பார்க்கலாம்.


ஜனவரி 19, இரவு

"நாழிகை வட்டில் இருந்ததே, அதை வைத்திருக்கலாமே?"

வைத்த ஊர்கள் உண்டு. ஈரானில் கனாத் என்ற நிலத்தடி வாய்க்கால் தண்ணீரை அப்படித்தான் பிரித்தார்கள். கொனாபாத் பக்கம் ஃபென்ஜான் என்று சொல்கிறார்கள். அடியில் துளை போட்ட சிறு கிண்ணம், பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் மிதக்கும், நிறைந்ததும் முழுகும். முழுகிய கிண்ணத்தை எடுத்து மறுபடி மிதக்கவிட ராத்திரி முழுக்க ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். நம் நாழிகை வட்டிலும் இதே வகைதான், சூரிய சித்தாந்தத்தில் பகலும் இரவும் சேர்ந்து அறுபது முறை முழுகும் கிண்ணம் என்று வருகிறது. கோயிலுக்கும் அரண்மனைக்கும் சரி. இரண்டு குடும்பத்துக் கிணற்றுக்கு யார் உட்கார்ந்து கிண்ணம் மிதக்கவிடுவார்கள்?


பிப்ரவரி 2

அத்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். 84 வயது, காது மட்டும் மந்தம். இங்கே எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு,

"நீ சொல்றது பாதி தப்பு கண்ணு. மாட்டை ஓட்டறவனுக்கு வானத்தைப் பாக்க ஏது நேரம்? வடத்து மேல உக்காந்து எறங்கறதா, மீனைப் பாக்கறதா? பார்த்தது நாங்க."

நாங்கள் என்றால் பெண் பிள்ளைகள். இவர் ஒரு வீட்டில் இருந்து, பெரியப்பாருவின் மகள் இன்னொரு வீட்டில் இருந்து. இரண்டு பேருக்கும் பத்து, பதினொரு வயது. ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாரி (கவலை மாடு ஏறி இறங்கும் சரிவு) ஓரத்தில் இருக்கிற பலகைக் கல்லில் உட்காருவார்களாம். தூங்கிவிடாமல் இருக்க ஆளுக்கொரு விடுகதை. மீன் மறைந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து "அவுருங்" என்று கூப்பிடவேண்டும். ஒருத்தி மட்டும் கூப்பிட்டால் செல்லாது.

அந்தக் கல் எனக்குத் தெரியும். இத்தனை நாள் துணி துவைக்கிற கல் என்று நினைத்திருந்தேன். கிணற்றை விட்டுத் தள்ளி, மேட்டில், துவைக்கத் தோதில்லாத இடத்தில் ஏன் கிடக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"கரட்டுக்குப் பின்னால மறையறதா பார்த்தீங்க?" என்றேன். "கரட்டை எவன் பார்த்தான்? கல்லுத்தூணுக்கு மேல குறுக்க ஒரு கல்லு கெடக்குதல்ல, உருளை மாட்டறது. அதுல போயி ஒளிஞ்சா கணக்கு." மூன்றில் எது என்றதற்கு, "நடுவாலது" என்று யோசிக்காமல் சொன்னார்.

எத்தனை நாழிகை முறை என்று கேட்டேன். "நாலு நாழிகை முறைம்பாங்க."

அப்பாரு அனுபவத்தில் உத்தேசமாக ஓட்டினார் என்று என் மனதில் இருந்த படம் முழுக்க மாறிவிட்டது.


பிப்ரவரி 3

கிணற்றுமேட்டில் அளந்தேன். தூண்கள் நிற்கின்றன, குறுக்குக் கல்லும் இருக்கிறது, மோட்டார் குழாயை அதில் கட்டியிருக்கிறோம். பலகைக் கல்லில் இருந்து தூண் ஒன்பது அடிக்குச் சற்றுக் குறைவு. உட்கார்ந்தால் என் கண்ணுக்கு மேலே மூன்றடி உயரத்தில் குறுக்குக் கல். கோணம் போட்டால் 19, 20 பாகை வருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கண் இன்னும் தாழ இருக்கும், கோணம் கொஞ்சம் கூடும்.

கரட்டைவிட இது எவ்வளவோ மேல். தை மாதம் அடிவானத்தில் பனி மூட்டம். மீன் தரையைத் தொடும் முன்பே மங்கிவிடும், "இன்னும் தெரிகிறது", "மறைந்துவிட்டது" என்று வாக்குவாதம் வரும். மரம் வளர்ந்தால் விளிம்பு மாறும். குறுக்குக் கல்லில் அந்தத் தொல்லை இல்லை. மீன் பளிச்சென்று இருக்கும்போதே கல்லின் கறுப்புக்குள் போய்விடும்.


பிப்ரவரி 11, இரவு 1.30

கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நேராக வந்து எழுதுகிறேன். கை விறைத்திருக்கிறது.

பக்கத்து வீட்டு விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அணைத்தார்கள். ஆறாமீன் குறுக்குக் கல்லின் வலது பக்கமாக, ஒவ்வொரு மீனாக உள்ளே போனது. பிரகாசமான நடு மீன் போனபோது 11.39. அப்புறம் உட்கார்ந்திருந்தேன். மூணுமீன் இடது பக்கம் சாய்வாக இறங்கி வந்தது. தலையை அரை அடி நகர்த்தினாலே மீன் மறுபடி வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் கல்லின் நடுவில் லேசான குழிவு. அதில் உட்கார்ந்தால் நகர முடியாது. நடு மீன் 1.14-க்கு மறைந்தது.

95 நிமிடம். நாலு நாழிகை 96.


பிப்ரவரி 12

ஒருவர் "தற்செயல்" என்கிறார். இருக்கலாம். குறுக்குக் கல் ஒரு முழம் உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் ஓரிரு நிமிடம்தான் மாறும், அதையும் நாலு நாழிகை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அளந்து நட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. தூண் உருளைக்காக நட்டது. கல்லைப் போட்டு உட்கார்ந்த இடம்தான் மீனுக்காகத் தேர்ந்தது. ஆனால் கரட்டில் பார்த்தால் 90, கல்லில் பார்த்தால் 95, உச்சியில் 109, இதில் நாழிகைக் கணக்கோடு ஒட்டி நிற்பது கல்லில் இருந்து பார்த்ததுதான் என்பதைப் பதிவு செய்கிறேன்.


பிப்ரவரி 14

கடிகாரம் வந்தபின் என்ன ஆயிற்று என்பதற்கு அத்தை சொன்னது: பெரியப்பாருவின் மூத்த மகன் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருடம் கழித்து எங்கள் சித்தப்பாவும் வாங்கினார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஏழெட்டு நிமிடம் வித்தியாசம். யாருடையது சரி என்று அந்த மாசியில் நாலு நாள் கிணறு சும்மா கிடந்ததாம். கடைசியில் பெரியப்பாரு இரண்டு கடிகாரத்தையும் வாங்கி உறிப்பானைக்குள் போட்டு மூடிவிட்டு, பிள்ளைகளைக் கல்லில் உட்காரச் சொன்னார். இது நடந்தது அத்தைக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தைய வருடம். அப்புறம் 1972-இல் கரண்டு மோட்டார் வந்தது, கிணற்றையே பிரித்துக்கொண்டார்கள், முறையும் போயிற்று.


பிப்ரவரி 20

பேச்சு வேறு பக்கம் போவதால் சுருக்கமாகச் சில பதில்கள்.

கேரளத்து ஞாற்றுவேலை இதில் சேராது. அது சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்று பார்த்து, வருடத்தை 27 துண்டாக, ஒவ்வொன்றும் பதின்மூன்று பதினாலு நாளாகப் பிரிப்பது. எப்போது விதைப்பது, எப்போது நடுவது என்பதற்கு. அது பருவம். நாம் பேசுவது ஒரே ராத்திரிக்குள் நாழிகை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து "முன்னோர் நட்சத்திரம் பார்த்தார்கள்" என்று எழுதுவதால்தான் படிப்பவருக்கு நம்பிக்கை போய்விடுகிறது.

பஞ்சாப், ஹரியானா வாய்க்காலில் வாராபந்தி என்று வாரத்துக்கு ஒரு சுற்று வைத்து, 168 மணி நேரத்தை நிலத்துக்குத் தக்கபடி பிரித்திருக்கிறார்கள். ராத்திரி முறை ஒருவருக்கே நிரந்தரமாக விழாமல் இருக்க, வருடம் ஒருமுறை அட்டவணையைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளிவைப்பார்கள். ராத்திரியில் தண்ணீர் கட்டுவது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தவர்கள் போட்ட விதி.

"இப்போது யாரும் ராத்திரி விழிப்பதில்லை" என்று எழுதியவருக்கு: எங்கள் பக்கம் வந்து பாருங்கள். மும்முனை மின்சாரம் ராத்திரி வருகிற வாரத்தில், ஸ்டார்ட்டர் பெட்டியின் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டு இன்றும் விழித்துத்தான் கிடக்கிறோம்.


மார்ச் 6

ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பெரிதுபடுத்துவதாக ஆகிவிடும். ஓமானில் இருந்தது ஆண்டு முழுக்க ஓடுகிற ஏற்பாடு. ஒன்று மறைந்தால் அடுத்தது என்று ராத்திரி முழுவதையும் நிரப்ப இருபதுக்கு மேல் மீன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நிற்காமல் ஓடுகிற தண்ணீருக்கு அது வேண்டும். எங்கள் கிணற்றில் இருந்தது தை, மாசி, பங்குனி மூன்று மாதப் பழக்கம், அதுவும் இரண்டு மீன். சித்திரை, வைகாசியில் கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்குத்தான் காத்திருக்கவேண்டும். அப்போது முறை நாள் கணக்கில், இன்று நீ, நாளை நான். அங்கே பார்த்ததை வைத்து இங்கேயும் அப்படியே இருந்தது என்று ஜனவரியில் நான் பேசிய தொனி தவறு. இரண்டும் அதனதன் தண்ணீருக்குத் தக்கபடி இருந்தன.


செப்டம்பர் 21, இரவு 12.40

ஜனவரி 15-ஆம் தேதி "ஏறும்போது 130 வரவேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்க்க இத்தனை மாதம் காத்திருந்தேன். கிழக்கே தென்னைகளுக்கு மேலே ஆறாமீன் 10.03-க்கு வந்தது. மூணுமீனின் நடு மீன் 12.12-க்கு. 129.

பிப்ரவரியில் ஒரு படம் முடிகிற நேரம்கூட இல்லை, இப்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதே இரண்டு மீன், அதே தோட்டம்.

ஏறுவதைப் பார்க்கக் கிழக்குப் பக்கம் வேறு கல் ஏதும் போட்டிருந்தார்களா என்று நேற்றே அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தேன். இரண்டு முறை உரக்கச் சொன்ன பிறகுதான் கேட்டது.

"பொரட்டாசில எதுக்குக் கண்ணு? மழை வந்துருமல்ல" என்றார்.